பாடெல்லாம் பகுதியில்

இரண்டு எண்ணிக்கை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. நான் முனைவர் பட்டம் வாங்கியதும், அப்புறம் சில வருடம் சம்பளம் வாங்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏதோ அமெரிக்காவில் அணுவைப் பிளக்கிற வேலை என்று ஊருக்குள் ஒரு பேச்சு. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நடப்பது இதுதான். எலக்ட்ரான் கற்றையைப் புரோட்டான்கள் மேல் விடுகிறோம். மோதித் தெறிக்கும் எலக்ட்ரான்களைக் குறிப்பிட்ட கோணத்தில் ஒரு கருவியை வைத்து எண்ணுகிறோம். எலக்ட்ரானுக்கும் ஸ்பின் உண்டு, புரோட்டானுக்கும் உண்டு. தற்சுழற்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே உண்மையில் எதுவும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. ஒரு திசையைக் குறித்துக்கொண்டு அந்தத் திசையில் அளந்தால் 'இந்தப் பக்கம்' அல்லது 'அந்தப் பக்கம்' என்று இரண்டே விடை வரும், நடுவில் எதுவும் வராது. இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டின் ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்கும்போது எத்தனை எலக்ட்ரான் தெறித்தது, எதிரெதிராகப் பார்க்கும்போது எத்தனை என்று எண்ணினால் இரண்டும் ஒன்றாக வராது. அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்பின் சமச்சீரின்மை என்கிறோம். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் எந்தப் பக்கம் ஸ்பின் வைத்திருக்கின்றன என்பது அதிலிருந்து தெரியவரும்.

புரோட்டான் ஒரு புள்ளி அல்ல என்ற சந்தேகம் முதலில் எழுந்ததே இந்த ஸ்பின் பக்கத்திலிருந்துதான். 1933-ல் ஓட்டோ ஸ்டெர்ன் ஹாம்பர்க்கில் தன் சகாக்களோடு புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை, அதாவது ஸ்பின்னால் அது எவ்வளவு வலுவான குட்டிக் காந்தமாக இருக்கிறது என்பதை அளந்தார். உள்ளே ஒன்றுமில்லாத துகளாக இருந்தால், அணுக்கரு காந்த அலகில் 1 வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 2.5 வந்தது. இன்றைய மதிப்பு 2.79. உள்ளே என்னவோ இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த 'என்னவோ' குவார்க் என்று நிலைநாட்ட இன்னும் 35 வருடம் பிடித்தது. கலிபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வகத்தில் 1968 வாக்கில் தொடங்கிய எலக்ட்ரான் சிதறல் சோதனைகள் அதைச் செய்தன. ஃப்ரீட்மன், கெண்டல், டெய்லர் மூவருக்கும் 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. புரோட்டானின் ஸ்பின் அரை. குவார்க்கின் ஸ்பின்னும் அரை. அப்படியானால் குவார்க்குகளின் ஸ்பின்னைக் கூட்டினால் புரோட்டானின் ஸ்பின் வந்துவிடுமா? யேல் பல்கலைக்கழகத்து வெர்னன் ஹியூஸ் இதற்காகவே ஒரு புதிய எலக்ட்ரான் மூலத்தைக் கட்டி, ஸ்லாக்கில் கொண்டுபோய் வைத்தார். ஸ்பின்னை ஒரு பக்கமாகத் திருப்பிய எலக்ட்ரானை, அதேபோல் ஸ்பின் திருப்பிய புரோட்டான்மேல் மோதவிட்டு எடுத்த முதல் ஆழ்சிதறல் (புரோட்டானை உடைத்து உள்ளே பார்க்கும் சிதறல்) முடிவு 1976-ல் வெளிவந்தது. அது பெரிய பரபரப்பைக் கிளப்பவில்லை. பரபரப்பு 1988-ல், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே எலக்ட்ரானுக்குப் பதில் அதன் கனத்த உறவுக்காரனான மியூயானை வைத்து அளந்தவர்கள், குவார்க்குகளின் பங்கு மிகக் குறைவு என்றார்கள்; அடுத்த ஆண்டு வந்த விரிவான கட்டுரையில் 12 சதவீதம்தான் என்றார்கள். புள்ளியியல் பிழை 9, மற்ற பிழை 14. பூஜ்யம் என்றாலும் ஒத்துப்போகிற விடை! பாதிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 'ஸ்பின் நெருக்கடி' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நெருக்கடி கோட்பாட்டுக்காரர்களுடைய எதிர்பார்ப்புக்குத்தான் வந்தது, புரோட்டானுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குக் குவார்க்குகளின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம் என்கிறார்கள். மீதி, குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான்களின் ஸ்பின், அப்புறம் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் வரும் சுற்றியக்கம். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

இந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. அந்தப் பின்னத்தில் மேலே இருக்கிற தொகுதியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் பாடு முழுக்கக் கீழே, பகுதியில்தான்.

முதலில் கற்றை. வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் என்கிற ஊரில் ஜெஃபர்சன் ஆய்வகம் இருக்கிறது. எங்கள் தரவு அங்கே எடுத்தது. அங்கே எலக்ட்ரான் பிறப்பது காலியம் ஆர்சனைடு என்ற ஒரு சின்னப் படிகத்தில். அதன்மேல் வட்டமாகத் தளவிளைவு செய்த, அதாவது திருகுபோலச் சுற்றிக்கொண்டே முன்னேறும் லேசர் ஒளியை அடித்தால், ஒளி தன் சுற்றியக்கத்தை எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிடுகிறது. இன்றைய படிகங்களில் வெளியே வரும் எலக்ட்ரான்களுக்கு 85 சதவீதத்துக்கு மேல் போலரைசேஷன் கிடைக்கிறது; ஸ்பின் ஒரு பக்கம் பார்ப்பவை மறுபக்கம் பார்ப்பவற்றைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு அது. ஒளித்துகளுக்கு ஸ்பின் உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது என்று 1931-லேயே கட்டுரை எழுதியவர்கள் நம் பக்கத்துக்காரர்கள்: திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், ஆந்திரத்துக்காரரான பகவந்தமும். எல்லையில் வளர்ந்த எனக்கு, இரண்டு மாநிலத்துப் பெயரும் ஒரே கட்டுரையில் இருப்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

லேசரின் பாதையில் பாக்கல்ஸ் செல் என்று ஒரு படிகம் உண்டு. அதன் மின்னழுத்தத்தை மாற்றினால் ஒளி இடம் சுற்றுவதிலிருந்து வலம் சுற்றுவதாக மாறும், எலக்ட்ரானின் ஸ்பின்னும் கூடவே திரும்பிவிடும். இதை நொடிக்கு 30 முறை செய்யலாம், வேண்டுமானால் பல நூறு முறையும் செய்யலாம். இவ்வளவு வேகம் எதற்கென்றால், முடுக்கி நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சூடேறும், மின்னோட்டம் நகரும், கருவியின் திறன் மாறும். காலையில் ஒரு பக்கம் எண்ணி மாலையில் மறுபக்கம் எண்ணினால், வரும் வித்தியாசம் புரோட்டானுடையதா சாயங்காலத்துடையதா என்று தெரியாது. அடுத்தடுத்த நொடிப்பகுதிகளில் எண்ணினால் அந்த மெதுவான நகர்வெல்லாம் இரண்டுக்கும் பொதுவாகி, கழித்தலில் போய்விடும். அதிலும் வெறுமனே மாறி மாறி வைப்பதில்லை. நான்கு நான்காகக் கட்டி, கூட்டல்-கழித்தல்-கழித்தல்-கூட்டல் என்றோ அதன் தலைகீழாகவோ, எது வரும் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி வைக்கிறார்கள். நேர்கோட்டில் நகரும் எந்தப் பிசகும் அந்த நாலில் தானே அடிபட்டுப்போகும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இன்னொன்று. இந்த நொடியில் ஸ்பின் எந்தப் பக்கம் என்ற தகவலை, எண்ணும் கருவிகளுக்கு அப்போதே சொல்லமாட்டார்கள். சில கணம் தள்ளித்தான் அனுப்புவார்கள். உடனே அனுப்பினால் அந்த மின்சைகையே பக்கத்துக் கம்பியில் லேசாகக் கசிந்து, கூட்டல் நேரத்தில் கருவி ஒரு மாதிரியும் கழித்தல் நேரத்தில் வேறு மாதிரியும் எண்ணத் தொடங்கிவிடலாம். அப்புறம் லேசர் பாதையில் ஒரு அரையலைத் தகட்டைச் செருகி எல்லாக் குறியையும் தலைகீழாக்கிப் பார்ப்பார்கள். உண்மையான சமச்சீரின்மை என்றால் குறி மாறும். மின்னணுவியல் செய்த சேட்டை என்றால் மாறாது.

ஆக, கழித்தல் என்பது பெரிய வரப்பிரசாதம். கருவி எவ்வளவு திறமையாக எண்ணுகிறது, எவ்வளவு அகலம் பார்க்கிறது, எத்தனையைத் தவறவிட்டது எல்லாம் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வந்து அடிபட்டுப்போகும். ஒரு சாதாரணச் சிதறல் சோதனையில் வருடக்கணக்கில் மண்டையை உடைக்கும் விஷயங்கள் இங்கே இரண்டு வரியில் முடிந்துவிடும். இதைக் கேட்டுவிட்டுத்தான் நானும் இந்தப் பக்கம் வந்தேன்.

அடிபடாமல் மிச்சம் இருப்பவை மூன்று. கற்றையின் போலரைசேஷன், இலக்கின் போலரைசேஷன், அப்புறம் நீர்ப்புக் காரணி, அதாவது எண்ணிய எலக்ட்ரான்களில் நாம் திருப்பிவைத்த புரோட்டான்களிலிருந்து வந்தவற்றின் பங்கு. எண்ணி எடுத்த வித்தியாசத்தை இந்த மூன்றின் பெருக்கல்தொகையால் வகுத்தால்தான் புரோட்டானின் உண்மையான சமச்சீரின்மை கிடைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 50,45,000 எலக்ட்ரான், மறுபக்கம் 49,55,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 90,000, மொத்தம் ஒரு கோடி. 0.009. எண்ணிக்கையால் வரும் பிழை சுமார் 0.0003. கற்றை 0.85, இலக்கு 0.70, நீர்ப்பு 0.15 என்றால் பெருக்கி 0.089. வகுத்தால் ஏறக்குறைய 0.10. எண்ணிக்கைப் பிழை மூன்றரை சதவீதம், மோசமில்லை. ஆனால் அந்த 0.15 உண்மையில் 0.14 ஆக இருந்தால்? விடை 0.108 ஆகிவிடும். எண்ணிக்கைப் பிழையைப் போல இரண்டு மடங்கு தள்ளிப்போய்விட்டது. இன்னும் பத்து கோடி எலக்ட்ரானை எண்ணினாலும் இது சரியாகாது.

சரி, இலக்குக்கு வருவோம். ஹைட்ரஜன் வாயுவை அப்படியே வைத்தால் புரோட்டான் கிடைக்கும், ஆனால் எல்லாம் கண்ட பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். புவியின் காந்தப்புலத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்குச் சமமான 5 டெஸ்லா புலத்தில், 1 கெல்வின் குளிரில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 272 டிகிரியில் வைத்தால்கூட புரோட்டானுக்கு அரை சதவீதம் போலரைசேஷன்தான் வரும். அதே இடத்தில் எலக்ட்ரானுக்கு 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும், ஏனென்றால் அதன் காந்தம் புரோட்டானுடையதைவிட 650 மடங்குக்கு மேல் வலுவானது. அதனால் தந்திரம் இப்படி: பொருளுக்குள் ஜோடியில்லாத எலக்ட்ரான்களைக் கொஞ்சம் தூவிவிட்டு, சரியான அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் அடித்து, எலக்ட்ரானின் ஒழுங்கைப் பக்கத்துப் புரோட்டானுக்கு மாற்றிவிடுவது. 5 டெஸ்லாவில் அந்த அதிர்வெண் 140 கிகாஹெர்ட்ஸ். அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் புரோட்டான் ஒரு பக்கம் திரும்பும், சற்று மேலே வைத்தால் மறுபக்கம். காந்தத்தைத் தொட வேண்டியதே இல்லை.

இதற்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அமோனியா. ஆமாம், ஐஸ் ஃபேக்டரியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடவைக்கும் அதே அமோனியாதான். அதை உறையவைத்து, உடைத்து, சலித்து, இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துணுக்குகளாக்குவார்கள். உறைந்தபோது நிறமில்லாமல் வெள்ளையாக இருக்கும். வேறொரு சின்ன முடுக்கியில் கொண்டுபோய், திரவ ஆர்கானின் குளிரில் வைத்து எலக்ட்ரான் கற்றையால் அடித்தால் ஊதா நிறமாகிவிடும். அந்த அடியில் உடைந்த மூலக்கூறுகளிடம்தான் ஜோடியில்லாத எலக்ட்ரான் இருக்கிறது. துணுக்குகளைத் திரவ நைட்ரஜனில் மூழ்கியபடியே ஒரு சிறு கிண்ணத்தில் போடுவார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது அந்த ஊதா அவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மேலே வெள்ளைப் புகை, கீழே நாவல்பழத் தோல் நிறத்தில் துணுக்குகள், நீண்ட இடுக்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒருவர், மூச்சுவிடாமல் சுற்றி நிற்கும் நாங்கள். கிண்ணம்கூட ஹைட்ரஜனே இல்லாத ஒரு வகைப் பிளாஸ்டிக். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் உண்டு, அதன் புரோட்டானும் அளவீட்டில் தலைகாட்டிவிடும்.

இலக்கின் போலரைசேஷன் எவ்வளவு என்று அளப்பது என்.எம்.ஆர். வழியாக, அதாவது ரேடியோ அலையை அனுப்பிக் கருவின் காந்தத்தைப் பதில் சொல்லவைக்கும் முறையில். 5 டெஸ்லாவில் புரோட்டான் 213 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். திரையில் ஒரு கூம்பு எழும், அதன் பரப்பளவுதான் போலரைசேஷன். ஆனால் எத்தனை பரப்பளவுக்கு எத்தனை சதவீதம் என்று எப்படித் தெரியும்? மைக்ரோவேவை அணைத்துவிட்டு, பொருள் தன் இயல்பான நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் எத்தனை சதவீதம் என்பது வெப்பநிலையையும் புலத்தையும் வைத்துக் கணக்காகச் சொல்லிவிடலாம்: அந்த அரை சதவீதம். அதன் கூம்பு இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும், தேடி எடுத்து அளக்க வேண்டும். 90 சதவீதம் வரை போகும் போலரைசேஷனை, இந்த அரை சதவீதத்தைப் படியாக வைத்துத்தான் அளக்கிறோம். படியில் இருக்கும் பிழை அப்படியே எல்லா நாள் தரவிலும் ஏறிவிடும். காத்திருக்கும் நேரத்தில் முடுக்கி சும்மா இருக்கும், மற்றக் குழுக்கள் முறைக்கும். அந்த நேரத்தை வெட்டிக் குறைக்கச் சொல்லும் எந்தக் கூட்டத்திலும் நான் கை தூக்கமாட்டேன்.

கற்றை பட்டுக்கொண்டே இருந்தால் அமோனியா கெட்டுப்போகும். போலரைசேஷன் மெல்ல இறங்கும். அப்போது கற்றையை நிறுத்தி, துணுக்குகளைக் கொஞ்சம் சூடாக்கி, மறுபடியும் குளிர்விப்பார்கள். உடைந்து கிடந்த வேண்டாத துண்டுகள் கொஞ்சம் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போலரைசேஷன் திரும்ப ஏறும். சில முறைதான் இது பலிக்கும், அப்புறம் புதுத் துணுக்குகள்தான்.

இனி அந்த மூன்றாவது எண். அமோனியா மூலக்கூறில் ஒரு நைட்ரஜன், 3 ஹைட்ரஜன். நைட்ரஜன் கருவுக்குள் 7 புரோட்டான், 7 நியூட்ரான். மொத்தம் 17. அதில் நாம் திருப்பி வைத்திருப்பது ஹைட்ரஜனின் 3 புரோட்டானை. மீதி 14-லிருந்தும் எலக்ட்ரான் தெறிக்கும், கருவியும் அவற்றை எண்ணும். நைட்ரஜனும் லேசாகத் திரும்பியிருக்கும், அதற்குத் தனியாக ஒரு சிறு திருத்தம். அதை விட்டால், நைட்ரஜனிலிருந்து வரும் எலக்ட்ரான்களுக்கு ஸ்பின் கணக்கு கிடையாது. வித்தியாசத்தில் ஒன்றும் சேர்க்காமல் கூட்டுத்தொகையை மட்டும் ஊதவைக்கும். 3-ஐ 17-ஆல் வகுத்தால் 0.176. கிண்ணத்தைச் சுற்றியுள்ள திரவ ஹீலியம், அலுமினிய ஜன்னல் எல்லாம் சேர்ந்தால் இன்னும் குறையும்.

கொரோனா காலத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்த எண்ணைத்தான் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வர்ஜீனியாவில், நான் கொழிஞ்சாம்பாறையில். ஆடி மாதக் கணவாய்க் காற்று தென்னை மட்டையைக் கரண்டுக் கம்பிமேல் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. பெரிய மாமா அப்போது தினமும் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். ரொம்ப காலம் பால் சொசைட்டியில் டெஸ்ட் எடுத்தவர். எங்கள் பக்கத்தில் போர்டும் ரிஜிஸ்தரும் மலையாளத்தில் இருக்கும், சண்டை மட்டும் சுத்தமான கொங்குத் தமிழில் நடக்கும். அவரிடம் ஒரு நாள் இந்த 17 கணக்கைச் சொன்னேன்.

"ஏங் கண்ணு, பதினேழுல மூணுதான் பாலு, மிச்சம் பதினாலும் தண்ணியா?" என்றார்.

"ஆமாங்க மாமா. தண்ணி எவ்வளவுன்னு சரியாத் தெரியணும், அதுதான் பாடு."

"அதெப்படி ஒரு மீட்டரை வெச்சே சொல்லுவீங்க? லாக்டோமீட்டரை மட்டும் நம்பினா ஏமாந்துதான் போகோணும். ஏடு எடுத்தா பாலு கனக்கும், தண்ணி ஊத்தினா லேசாகும். ரெண்டையும் அளவாப் பண்ணுனான்னா மீட்டர் நல்ல பாலுன்னே காட்டும். கொழுப்பையும் தனியாப் பாக்கோணும்."

எங்கள் குழுக் கூட்டங்களில் பலமுறை பேசி முடிவெடுத்த விஷயம் அது. எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்து நீர்ப்பைச் சொல்லிவிட முடியாது. கிண்ணத்தில் துணுக்குகள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன, நடுவே எவ்வளவு ஹீலியம் என்பது கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறும். பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை துணுக்கு, மீதி ஹீலியம் என்பது வழக்கம். உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. அதனால் நடு நடுவே அமோனியாவை எடுத்துவிட்டு, வெறும் ஹீலியத்தில் கற்றையை விட்டு எண்ணுவோம். கார்பன் தட்டை வைத்து எண்ணுவோம், கார்பன் கரு நைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மூன்றையும் வைத்து அடைப்பு விகிதத்தைப் பிடித்து, அதிலிருந்து நீர்ப்பு. இந்தக் கார்பன் ஓட்டங்கள் பார்க்கச் சலிப்பானவை, இயற்பியல் எதுவும் தராதவை. நேரம் குறைந்தால் எல்லாரும் முதலில் வெட்டப் பார்ப்பதும் இவற்றைத்தான். மாமாவின் சொசைட்டியிலும் கொழுப்பு டெஸ்டைத்தான் முதலில் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்பார்களாம்.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது, அது கொஞ்சம் அழகானது. எலக்ட்ரான் புரோட்டானை உடைக்காமல் மீள்மோதலாக மோதித் தெறித்தால், ஹைட்ரஜனிலிருந்து வருபவை ஒரு கூர்மையான முகடாக, புரோட்டானின் நிறையான 0.938 கிகா எலக்ட்ரான்வோல்ட் இடத்தில் குவியும். நைட்ரஜனுக்குள் இருக்கும் புரோட்டான் சும்மா நிற்பதில்லை, அலைந்துகொண்டே இருக்கும், அதனால் அதிலிருந்து வருபவை அகலமாகப் பரவி விழும். பரவலின் மேல் முகடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீர்ப்பு தெரியும். அந்த மீள்மோதலின் சமச்சீரின்மை என்னவாக இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்று. நாம் அளந்ததை அதனால் வகுத்தால், மூன்று எண்களின் பெருக்கலும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். தனித்தனியே அளந்து பெருக்கியதும் இதுவும் ஒத்துப்போனால் அன்றைக்கு இரவு தூக்கம் வரும்.

இந்தப் பகுதியின் கொடுமையில் இன்னொன்று, அது நேரத்தில் இருமடியாக வசூலிக்கும். நீர்ப்பு பாதியானால் அதே துல்லியத்துக்கு நான்கு மடங்கு எலக்ட்ரான் எண்ண வேண்டும். போலரைசேஷன் குறைந்தாலும் அதே கதை. ஒருகாலத்தில் பியூட்டனால் என்ற ஆல்கஹாலை இலக்காக வைத்தார்கள், ஹியூஸ் 1970களில் பயன்படுத்தியது அதுதான். அதில் 74-க்கு 10, அதாவது 0.135. அமோனியாவின் 0.176-க்குப் பெரும்பாலானவர்கள் மாறியதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். கற்றையின் அடியைத் தாங்கும் வலு அமோனியாவுக்கு மிக அதிகம் என்பது இன்னொரு காரணம்.

பகுதித் தொல்லை பெரும்பாலும் இல்லாத ஒரு கிளையும் உண்டு. இலக்கின் ஸ்பின்னைத் திருப்பாமல், கற்றையை மட்டும் திருப்பி அளப்பது. மின்காந்த விசை மட்டும் வேலை செய்தால் வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். வலுவற்ற விசை இட-வல பேதம் பார்ப்பதால் ஒரு துளி வரும். 1978-ல் சார்லஸ் ப்ரெஸ்காட் குழு ஸ்லாக்கில் இதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் கண்டுபிடித்தது. மின்காந்த விசையையும் வலுவற்ற விசையையும் ஒரே கோட்பாட்டில் இணைத்த கிளாஷோ, சலாம், வைன்பர்க் மூவருக்கும் அடுத்த ஆண்டு நோபல் கிடைத்தபோது அந்த முடிவு அவர்களுக்குப் பெரிய துணை. ஜெஃபர்சன் ஆய்வகத்தின் க்யூவீக் சோதனை 2018-ல் வெளியிட்ட எண் இன்னும் சிறியது: நூறு கோடியில் 226.5 பங்கு, பிழை 9.3. அங்கே இலக்கு வெறும் திரவ ஹைட்ரஜன், நைட்ரஜன் தொல்லை இல்லை. ஆனால் தொகுதி அவ்வளவு பொடியாக இருப்பதால், ஸ்பின் திரும்பும்போது கற்றை மயிரிழையைவிடப் பல மடங்கு குறைவாக நகர்ந்தால்கூட விடை கெட்டுவிடும். எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. அமோனியாவே தேவலை.

இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் மலையாளம். இதனால் என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதே தந்திரத்தை வைத்து சிக்னலைப் பல ஆயிரம் மடங்கு கூட்டுகிறார்கள் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதற்காகத்தான் இதைச் செய்தோம் என்பது போலச் சொல்ல எனக்கு மனம் வராது. நம் உடம்பின் எடையில் பாதிக்குச் சற்று மேலேயே புரோட்டான். அதன் ஸ்பின் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றால் அளந்து பார்க்க வேண்டியதுதான்.

அமோனியாவின் காலமும் ஒருநாள் முடியும். நியூயார்க் மாநிலத்து புரூக்ஹேவன் ஆய்வகத்தில் எலக்ட்ரான்-அயனி மோதுமுடுக்கி கட்டத் திட்டமிட்டு, 2020 ஜனவரியில் இடத்தை அறிவித்தார்கள். அங்கே ஸ்பின் திருப்பிய எலக்ட்ரான் கற்றையும் ஸ்பின் திருப்பிய புரோட்டான் கற்றையும் நேருக்கு நேர் மோதும். கிண்ணம் இல்லை, நைட்ரஜன் இல்லை, நீர்ப்பு 1. மாமாவிடம் சொன்னபோது, "அப்ப உங்களுக்கு வேலையில்லையா?" என்று கவலைப்பட்டார். வேலை இருக்கிறது. புரோட்டான் கற்றையின் போலரைசேஷனை ஒரு சதவீதத் துல்லியத்தில் சொல்ல வேண்டும். அதே வளாகத்தில் ரிக் என்ற முடுக்கியில் இதற்காக, ஸ்பின் திருப்பிய ஹைட்ரஜன் அணுக்களை மெல்லிய தாரையாக விட்டு, கற்றையின் புரோட்டான்கள் அதில் மோதி இடப்பக்கம் எத்தனை தெறிக்கிறது, வலப்பக்கம் எத்தனை என்று எண்ணினார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, தாரையின் போலரைசேஷனால் வகுத்தார்கள். அந்தத் தாரையில் அணுவாகப் பிரியாத ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சில சதவீதம் கலந்திருக்கும், அவற்றுக்குப் போலரைசேஷன் கிடையாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதற்குத் தனியாக ஒரு அளவீடு.